கொட்டாம்பட்டியை விட்டுக் கிளம்பாத மெயில்

போன வாரம் நம்ம குரூப்புல ஒரு தம்பி கேட்டிருந்தாரு. மெயில் சர்வர்ல சர்டிபிகேட் காலாவதி ஆகப் போகுதுன்னு புதுசு மாத்துனாராம். அவருக்கு மெயில் போகுதாம், பக்கத்து சீட்டுக்கும் போகுதாம், நாலஞ்சு பேருக்கு மட்டும் போகலையாம். கால் மணி நேரத்துல இருபது பேரு பதில் போட்டீங்க. இந்த கமாண்ட் அடிங்க, அந்த ஃபைலைப் பாருங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு. எல்லாம் சரியான பதில்தான், குத்தம் சொல்லல. நான் சர்வீஸ்ல இருந்தப்ப எனக்கு இம்புட்டு வேகமா யாரும் சொன்னதில்ல. ஆனா போகலைன்னு சொன்ன அந்த நாலஞ்சு பேரு யாரு, அவங்க என்னத்தை அனுப்பப் பாத்தாங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. நானும் ஒரு காலத்துல கேக்காத ஆளுதான். அதான் உக்காந்து இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

புதுசா வந்தவங்களுக்கு என்னைத் தெரியாது. மதுரையில ஒரு மிஷன் பள்ளிக்கூட நிர்வாகத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன் நான். பழங்காநத்தத்துல ஒரு பள்ளிக்கூடம், சோழவந்தான்ல ஒண்ணு, திருச்சி ரோட்டுல கொட்டாம்பட்டியில ஒண்ணு, இன்னும் டவுனுக்குள்ள நாலு. அம்புட்டுக்கும் சேத்துத் தலைமை ஆபீஸ்ல ஒரு மெயில் சர்வர். வெளியில 'கணினிப் பிரிவு'ன்னு போர்டு தொங்கும், உள்ள எட்டிப் பாத்தா நான் ஒருத்தன் உக்காந்திருப்பேன். வேலை நல்லாத் தெரியும். கோபம் மூக்குக்கு மேல வரும். போனை எடுத்தா ஹலோ சொல்ல மாட்டேன், "என்ன?"ன்னுதான் கேப்பேன். "அவருகிட்ட கேக்குறதுக்கு பஸ் ஏறிப் போய்க் கையில குடுத்துட்டு வந்துரலாம்"னு கிளார்க்குங்க மத்தியில ஒரு பேச்சு இருந்துச்சாம். அதுவே எனக்கு ரிட்டையர் ஆன பிறகுதான் தெரியும்.

ரொம்ப வருஷமா அந்த சர்வர்ல நானே தயார் பண்ண சர்டிபிகேட்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சர்டிபிகேட்டை சர்வரோட அடையாள அட்டைன்னு வச்சுக்கங்க. நாமளே அச்சடிச்ச அட்டைங்கிறதால, மெயில் சாப்ட்வேர் ஒரு பெட்டி காட்டி, இந்த ஆளை நம்பலாமான்னு கேக்கும். நம்பலாம்னு அமுக்கிட்டு வேலையப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன். ஒரு தடவை அமுக்கிட்டா அந்த அட்டைக்கு மறுபடி கேக்காது. ஒரு தடவை டவுன் பள்ளிக்கூடத்துல ஒரு கிளார்க், யாரோ ஏமாத்துக்காரன் அனுப்புன மெயில்ல வந்த பெட்டிக்கும் அதே பழக்கத்துல நம்பலாம்னு குடுத்துட்டாரு. பெரிய சேதாரம் இல்ல. ஆனா ரெண்டு நாள் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அந்தக் கடுப்புல எல்லாக் கிளார்க்கையும் வரச் சொல்லி ஒரு கூட்டம் போட்டேன். கூட்டம்னா என்ன, நான் கத்துனேன், அவங்க கேட்டுக்கிட்டாங்க. இனிமே எந்தப் பெட்டி வந்து நம்பலாமான்னு கேட்டாலும் வேண்டாம்னுதான் குடுக்கணும்னு சொன்னேன். என் கையாலயே சீட்டு எழுதி, மானிட்டர்ல ஒட்டிக்கங்கன்னு ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். 'பெட்டி வந்தால் வேண்டாம் என்று அமுக்கவும். சந்தேகம் இருந்தால் எனக்கு போன் செய்யவும்.' கீழ என் நம்பரு.

அதுக்கு அடுத்த வருஷம், முறையா வெளியிலருந்து ஒரு சர்டிபிகேட் வாங்கி, ஒரு புதன்கிழமை காலையில மாத்துனேன். எனக்கு நானே ஒரு மெயில் போட்டேன், போச்சு. செயலர் ஐயா மெஷின்லருந்து போட்டேன், போச்சு. டவுன் பள்ளிக்கூடம் நாலுலயும் போச்சு. அன்னிக்கும் மறுநாளும் போன் மேல போன். பாஸ்வேர்டு கேக்குது, ஸ்கிரீன் மாறிப் போச்சு, போட்டோ ஏற மாட்டேங்குதுன்னு சம்பந்தமே இல்லாததுக்கெல்லாம் கூப்பிட்டாங்க. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க விடல. எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துக்கிட்டே ரெண்டு நாளைத் தள்ளுனேன்.

அது டிரான்ஸ்பர் சீசன். எங்க நிர்வாகத்துல ஒரு முறை உண்டு. ஒரு டீச்சருக்கு வேற பள்ளிக்கூடம் வேணும்னா, மனு அவங்க சொந்த மெயில்லருந்து வரக்கூடாது. ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட ஆபீஸ் மெயில்லருந்துதான் வரணும். அந்த வருஷம் அதே வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி கடைசி. திங்கக்கிழமை கமிட்டி உக்காந்து லிஸ்ட் போட்டுரும்.

சனிக்கிழமை காலையில தலைமை ஆபீஸுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. பேரு செண்பகவல்லி. கொட்டாம்பட்டி பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், வீடு பழங்காநத்தம். அவங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் நாலரைக்கு டயாலிசிஸ். பழங்காநத்தத்துலயே ஒரு ஆஸ்பத்திரி. ஒரு தடவை தனியாப் போயிட்டுத் திரும்பி வாரப்ப ஆட்டோவுலயே மயங்கிட்டாரு, அதுலருந்து தனியா அனுப்புறதில்ல. கொட்டாம்பட்டியில பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு பஸ் மாறி வந்தா ஆறரை ஆகிரும். வாரத்துக்கு ரெண்டு அரை நாள் லீவு போட்டுப் போட்டு லீவெல்லாம் தீந்திருச்சு. பழங்காநத்தம் பள்ளிக்கூடத்துல அந்த வருஷம் ஒரு கணக்கு டீச்சர் இடம் காலியாச்சு. அது கிடைச்சா வேலையும் இருக்கும், அவரையும் பாத்துக்கலாம். கிடைக்கலைன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்.

மனு வந்த லிஸ்ட்டுல அவங்க பேரு இல்ல. கொட்டாம்பட்டி கிளார்க் வியாழக்கிழமையே அனுப்பிட்டதாச் சொல்றாங்க, இங்க வரலைங்கிறாங்கன்னு செயலர் ஐயாகிட்ட போய் நின்னிருக்காங்க. செயலர் ஐயா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், சத்தம் போடாம பேசுவாரு, எதையும் எழுத்துலதான் கேப்பாரு. மெயில் வந்துச்சா இல்லையா, சர்வர்ல ஏதும் கோளாறான்னு என்கிட்ட எழுதிக் கேட்டாரு. சர்வருக்கு வந்தது போனது எல்லாம் தானாப் பதிவாகுற லாக்கை நான் திறந்து, கொட்டாம்பட்டி பேரைப் போட்டுத் தேடுனேன். புதன்கிழமைக்கு அப்புறம் ஒரு மெயிலும் வந்து சேரல. 'கொட்டாம்பட்டியிலிருந்து மின்னஞ்சல் எதுவும் வந்து சேரவில்லை. சர்வரில் கோளாறு எதுவும் இல்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்து விட்டேன். மொத்தம் மூணு நிமிஷம் ஆகியிருக்கும். கிளார்க் மேல மெமோ போடச் சொல்லிட்டாங்கன்னு ப்யூன் வந்து சொன்னாரு. போடட்டும்னேன்.

கொஞ்ச நேரத்துல அந்த டீச்சர் என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. நான் நிமிந்து பாக்காமலே, என்கிட்ட ஒண்ணும் இல்ல, உங்க கிளார்க்கைப் போய்க் கேளுங்கன்னு சொன்னேன். அவங்க நகரல.

"கேட்டேன் சார். அனுப்புனேன்னு சத்தியம் பண்றாங்க. நீங்க வரலைங்கிறீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா அது நடுவுல எங்கயோ நிக்கணும்ல. எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்."

சொல்லிட்டு மணியைப் பாத்தாங்க. வீட்டுக்குப் போய் அவருக்குச் சாப்பாடு குடுத்து, நாலரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கிளம்பிட்டாங்க. போன் நம்பரை ஒரு தாள்ல எழுதி என் டேபிள்ல வச்சுட்டுப் போனாங்க. எனக்குச் சுள்ளுன்னு இருந்துச்சு. முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. கணக்கு டீச்சருன்னா அப்படித்தான் கேப்பாங்க போல.

திரும்பவும் லாக்கைத் திறந்தேன். காலையில தேடுனப்ப, வந்து சேந்த மெயிலை மட்டும்தான் தேடுனேன். இப்ப, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போனது ஏதும் உண்டான்னு தேடுனேன். இருந்துச்சு. புதன்கிழமை பத்தரைக்கு ஒண்ணு. அப்புறம் பதினோரு மணிக்கு ஒண்ணு. புதன், வியாழன், வெள்ளி, பள்ளிக்கூட நேரம் பூராவும் கொட்டாம்பட்டி மெஷின் வந்து வந்து தட்டியிருக்கு, சர்டிபிகேட்டைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போயிருக்கு.

கிளார்க்குக்குப் போன் போட்டேன். எடுக்கல. மூணு தடவை போட்டேன், எடுக்கல. அங்க சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் உண்டு. மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறுனேன்.

கொட்டாம்பட்டி கிளார்க் பேரு பாக்கியமேரி. என் கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டவங்க. நான் உள்ள நுழைஞ்சதும் எந்திரிச்சு நின்னாங்க. அழுத முகம். மெமோ விஷயம் அவங்களுக்கு வந்திருச்சு. சிஸ்டத்தைப் போடுங்கன்னேன். போட்டாங்க. மெயில் சாப்ட்வேர் திறந்துச்சு, உடனே நடுவுல பெட்டி வந்துச்சு. நம்பலாமா? பாக்கியமேரி கையை நீட்டி, படக்குன்னு வேண்டாம்னு அமுக்குனாங்க. மானிட்டருக்கு மேல என் கையெழுத்துல அந்தச் சீட்டு. கிழிஞ்சிரக் கூடாதுன்னு நாலு பக்கமும் செலோ டேப் ஒட்டி வச்சிருந்தாங்க. போக வேண்டிய மெயில் காத்துக் கிடக்குற அவுட்பாக்ஸைத் திறந்தேன். பதினோரு மெயில் வரிசையா நின்னுச்சு. நாலாவது செண்பகவல்லி டீச்சர் மனு. வியாழக்கிழமை, பதினொன்னு இருபது.

காரணம் என்னன்னு அங்கயே விளங்கிருச்சு. எங்க சர்வருக்கு ரெண்டு பேரு. ஆரம்பத்துல வச்சது ஒண்ணு, பின்னாடி வச்சது ஒண்ணு. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரும். புது சர்டிபிகேட் வாங்குறப்ப புதுப் பேரை மட்டும் போட்டு வாங்கிட்டேன். பழைய பேரை இன்னும் யாரு வச்சிருக்கப் போறாங்கன்னு ஒரு நினைப்பு. கொட்டாம்பட்டியில நெட்டு விட்டு விட்டு வரும்னு, எழுதி வச்சா நெட்டு வாரப்ப தானாப் போகட்டும்னு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த சாப்ட்வேரைப் போட்டுக் குடுத்தது யாரு? நான்தான். அதுல மெயில் வாரதுக்குப் புதுப் பேரு, போறதுக்குப் பழைய பேரு. அதனால வாரது எல்லாம் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்துச்சு, போறது மட்டும் நின்னு போச்சு. பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அட்டையில அந்தப் பேரு இல்லைன்னு சாப்ட்வேர் பெட்டி காட்டியிருக்கு. பாக்கியமேரி, நான் சொல்லிக் குடுத்ததை அச்சுப் பிசகாம செஞ்சிருக்காங்க. நான் சொன்னதைக் கேக்காத அம்புட்டுப் பேருக்கும் மெயில் போயிருக்கும்.

அப்பவும் என் வாய் சும்மா இருக்கல. தப்பு என் பேருல வந்து நிக்குதேங்கிற கோபம்.

"ஏம்மா, பெட்டி வருது, மெயில் போகல. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சீட்டுல நம்பரு இருக்குல்ல?"

"பண்ணேன் சார்"னாங்க.

எப்பன்னு கேட்டேன். வியாழக்கிழமை, மனுவை அனுப்புன உடனேன்னாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லி, நிரூபிக்கிறதுக்காகவே என் போனை எடுத்து, வந்த கால் லிஸ்ட்டைத் தள்ளிக்கிட்டே போனேன். வியாழக்கிழமை, பதினொன்னு முப்பத்தி நாலு. கொட்டாம்பட்டி ஆபீஸ் நம்பரு. நான் எடுத்திருக்கேன். ஒரு நிமிஷம் பத்து செகண்ட் பேசியிருக்கேன். என்ன பேசுனேன்னு சுத்தமா ஞாபகம் இல்ல.

"என்ன சொன்னேன்?"

"வேண்டாம் சார், விடுங்க."

"சொல்லுங்கம்மா."

"எல்லாருக்கும் போகுது, உங்களுக்கு மட்டும் எப்படிப் போகாது, உங்க ஊரு நெட்டு லட்சணம் அப்படி, தானாப் போகும், சும்மா சும்மா போன் பண்ணி உசிரை வாங்காதீங்கன்னு சொன்னீங்க சார். அதான் அப்புறம் பண்ணல. போயிரும்னு டீச்சருகிட்டயும் சொல்லிட்டேன்."

சர்வர் லாக்கைக் காட்டி ஊரையே வாயடைச்ச ஆளு நான். என் பையில கிடந்த போனோட லாக்கைப் பாக்கல. அந்த இடத்துல எனக்கு அம்புட்டு வெக்கமா இருந்துச்சு. அவங்க முன்னாடி நின்னு, தப்பு உங்க மேல இல்லம்மா, என் மேலன்னு சொன்னேன். அவங்க அதுக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சரின்னு சொன்னா அதுக்கும் திட்டுவேனோன்னு பயந்திருப்பாங்க.

இனிமேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயமே. அந்த ரூம்ல அந்த நேரம் எனக்கு முன்னாடி ஒரு சுலபமான வழி கிடந்துச்சு. சர்வர் என் கையில. அந்த ஒரு மனுவை எடுத்து, வியாழக்கிழமை பதினொன்னு இருபதுக்கு வந்து சேந்த மாதிரி தலைமை ஆபீஸ் மெயில்பாக்ஸுக்குள்ள வைக்க எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். மறுபடி தேடிப் பாத்தேன், வேற ஃபோல்டர்ல கிடந்துச்சு ஐயான்னு சொன்னா, நம்பாம இருக்க அங்க ஆளே கிடையாது. டீச்சருக்கு டிரான்ஸ்பர் கிடைக்கும். பாக்கியமேரிக்கு மெமோ கிடையாது. என் பேரும் கெடாது. ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருந்துச்சு. அப்படிச் செஞ்சா யாருக்கு என்ன நட்டம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நானும் யோசிச்சேன். எனக்கு ஒரு நட்டமும் தெரியல.

செண்பகவல்லி டீச்சருக்குப் போன் பண்ணேன். ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வீட்டுக்காரரை அப்பத்தான் மெஷின்ல போட்டிருக்காங்க. அது எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர், கொட்டாம்பட்டியிலதான் நிக்குது, தப்பு என்னுதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். அவங்க விவரமான ஆளு. உங்ககிட்டதான சார் சர்வர் இருக்கு, வியாழக்கிழமை தேதியிலேயே உள்ள தள்ளி விட்டுர முடியாதான்னு கேட்டாங்க. முடியும்னு சொன்னேன். பொய் சொல்ல வாய் வரல. ஆனா செய்ய மாட்டேன், திங்கக்கிழமை செயலர் ஐயாகிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லப் போறேன்னேன்.

"நீங்க சொல்லி, ரூல்படி நேரம் தாண்டிருச்சுன்னு அவரு சொல்லிட்டா? உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு என் டிரான்ஸ்பர் போகணுமா சார்?"

இன்னிக்கும் அதுக்கு என்கிட்ட நல்ல பதில் கிடையாது. அவங்க போனை வச்சுட்டாங்க.

ஏன் செய்யலைன்னு கேட்டா, பெரிய யோக்கியன் வேஷம் போட மாட்டேன். காலையிலதான் 'சர்வரில் கோளாறு இல்லை'ன்னு யோசிக்காம ஒரு கையெழுத்துப் போட்டுருந்தேன். அதனால ரெண்டு பொம்பளைங்க தவிச்சாங்க. அன்னிக்கே ரெண்டாவதா ஒண்ணு செய்ய எனக்குக் கை வரல. லாக்குல இருக்குறதுதான் உண்மைன்னு இத்தனை வருஷமா எல்லார் வாயையும் அடைச்சவன், அந்த லாக்கை நானே ஒரு தடவை திருத்திட்டா அப்புறம் என்னை நான் எப்படி நம்புறது? அம்புட்டுதான் அன்னிக்குத் தோணுச்சு. அந்தப் பதினோரு மெயிலையும் தொடாம அப்படியே விட்டு, ஸ்கிரீனைப் போட்டோ எடுத்துக்கிட்டு, அந்தச் சீட்டையும் போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன். மறுநாள் கோயில்ல பாதிரியார் என்ன பிரசங்கம் பண்ணாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. மண்டைக்குள்ள அந்த டீச்சர் கேட்டதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. மனு தள்ளுபடி ஆயிட்டா, அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயந்தேன்.

திங்கக்கிழமை கமிட்டி ரூம்ல செயலர் ஐயாவும் இன்னும் ரெண்டு பேரும் இருந்தாங்க. ரெண்டாவதா ஒரு கடிதம் எழுதிக் கொண்டு போயிருந்தேன். சர்டிபிகேட்ல பேரை விட்டது நான், பெட்டி வந்தா வேண்டாம்னு அமுக்கச் சொன்னது நான், கிளார்க் போன் பண்ணப்ப கேக்காம விரட்டுனது நான். பக்கத்துல என் போனைத் திறந்து, அந்த ஒரு நிமிஷம் பத்து செகண்டைக் காட்டி வச்சேன். செயலர் ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, சனிக்கிழமை கடிதத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாரு.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எதை நான் நம்ப?"

"அதைச் சீட்ல உக்காந்து எழுதுனேன் ஐயா. இதைக் கொட்டாம்பட்டி போயிட்டு வந்து எழுதுனேன்."

கமிட்டியில ஒருத்தர், அஞ்சு மணிக்குள்ள வராதது வராததுதானே, இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்கன்னாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. செயலர் ஐயா அவருக்குப் பதில் சொல்லாம என் பக்கம் திரும்பி, இதே மாதிரி வேற எங்கயும் நிக்குதான்னு கேட்டாரு. அதை நான் பாக்கவே இல்ல. என் புத்தி பூரா அந்த ஒரு மனுவுலயே இருந்துச்சு.

ஓடிப்போய் லாக்கைப் பாத்தேன். சோழவந்தான். அங்கயும் அதே சாப்ட்வேர், அதே பழைய பேரு. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் வந்து தட்டிட்டுப் போயிருக்கு. போன் பண்ணிக் கேட்டா, அங்க அவுட்பாக்ஸ்ல ஒரு டிரான்ஸ்பர் மனு நின்னுச்சு. டவுன் பள்ளிக்கூடம் ஒண்ணு கேட்டு ஒரு தமிழ் வாத்தியார் போட்டது. அவருக்கு மனு போகலைன்னே தெரியாது. வந்து கேக்கவும் இல்ல. சனிக்கிழமை நான் அந்த சுலபமான வழியில போயிருந்தேன்னா, அவரு மனு அங்கயே கிடந்து மக்கிப் போயிருக்கும், ஏன் கிடைக்கலைன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசிச்சு நான் நல்லவனா இருந்தேன்னு நினைச்சிராதீங்க. செயலர் ஐயா கேட்ட பிறகுதான் எனக்கே உறைச்சுது.

பழைய பேரையும் சேத்து சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கி மாத்த இருபது நிமிஷம் ஆச்சு. அம்புட்டுதான் வேலை. கொட்டாம்பட்டியில பெட்டி வரல, பதினோரு மெயிலும் வரிசையா வந்து சேந்துச்சு. லிஸ்ட்டை ரெண்டு நாள் தள்ளி வச்சாங்க. நிர்வாகத்து வாசல் அடைஞ்சு கிடந்ததுக்கு வெளியில நின்னவங்க பொறுப்பாக முடியாதுன்னு செயலர் ஐயா ஒரு வரி எழுதி, எழுதுன தேதியையே வந்த தேதியா எடுத்துக்கச் சொன்னாரு. பாக்கியமேரிக்குத் தயாரான மெமோவைக் கிழிச்சுட்டு, எனக்கு ஒண்ணு குடுத்தாரு. என் சர்வீஸ் புக்குல இருக்குற ஒரே மெமோ அதுதான். ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.

செண்பகவல்லி டீச்சருக்குப் பழங்காநத்தம் கிடைச்சது. ஆர்டர் வாங்க வந்தன்னிக்கு என் ரூம் வாசல்ல நின்னாங்க. இந்தத் தடவை நான் எந்திரிச்சு நின்னேன்.

"சனிக்கிழமை நான் கேட்டது தப்புன்னு சொல்ல வரல சார். ஆர்டர் வராம போயிருந்தா இப்பவும் அதையேதான் கேப்பேன்"னாங்க. கேக்கணும் டீச்சர்னு சொன்னேன். லேசா சிரிச்சுட்டு, வாரேன் சார்னு போயிட்டாங்க.

பழைய சீட்டை எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் எடுக்கச் சொல்லிட்டுப் புதுசு எழுதிக் குடுத்தேன். 'பெட்டி வந்தால் எதையும் அமுக்காமல் எனக்கு போன் செய்யவும். நான் எரிந்து விழுந்தால் மறுபடியும் போன் செய்யவும்.' எல்லாரும் சிரிச்சாங்க. பாக்கியமேரி மட்டும் சிரிக்காம அதையும் நாலு பக்கம் டேப் போட்டு ஒட்டிட்டாங்க. அடுத்த மாசமே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. முதல் தடவை எரிஞ்சுதான் விழுந்தேன், பழக்கம் உடனே போகுமா? அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சீட்டுல போட்டிருக்கு சார்னு மறுபடி கூப்பிட்டாங்க.

சரி, அந்தத் தம்பிக்குச் சொல்லணும்னு நினைச்சது இதுதான். கமாண்ட் எல்லாம் அடிங்க. ஆனா எனக்குப் போகுதேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. நம்ம ஆளுங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. விரட்டிட்டா, சரி சார்னு வச்சுட்டு, போன மெயிலுக்கும் போகாத மெயிலுக்கும் சேத்து சாமியைக் கும்பிட்டுக்குவாங்க. போகலைன்னு ஒருத்தர் சொன்னா, எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்குத்தான் நம்மளை அந்த நாற்காலியில உக்கார வச்சிருக்காங்க. போய்ப் பாக்கணும்னா பஸ் ஏறிப் போய்ப் பாருங்க.

எட்டு மாசம் கழிச்சு எனக்குப் பிரிவு உபசார விழா வச்சாங்க. தலைமை ஆபீஸ் ஹால்ல, சாயங்காலம் நாலு மணிக்கு. எல்லாப் பள்ளிக்கூடத்துலருந்தும் வந்திருந்தாங்க. பாக்கியமேரி கொட்டாம்பட்டியிலருந்து ரெண்டு பஸ் மாறி, ஒரு சால்வையோட வந்தாங்க. சோழவந்தான் தமிழ் வாத்தியார் என்னைப் பத்தி ஏதோ பெருசா பேசுனாரு. காபி குடிக்கிறப்ப ப்யூன் என் பக்கத்துல வந்து, பழங்காநத்தத்துலருந்து எல்லாரும் வந்துட்டாங்க, அந்தக் கணக்கு டீச்சரை மட்டும் காணோமே சார், உங்களால டிரான்ஸ்பர் வாங்குனவங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதான்னு குறைபட்டுக்கிட்டாரு.

எனக்கு அன்னிக்கு விழாவுலேயே ரொம்ப சந்தோசமான நேரம் அதுதான். நான் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தேன். நாலரை ஆகப் போகுது. செவ்வாய்க்கிழமை.